எங்கள் பாட்டை எங்கள் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்வது எப்படி?

போரில் இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது உயிர், வீடு, காணி, வள்ளம், நகை என்று எழுதுகிறோம். குரல்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஏராளமான கசற்றுகள் வீடுகளிலேயே விடப்பட்டன. சிலர் அவற்றைப் பொலித்தீனில் சுற்றி மண்ணில் புதைத்தார்கள். சோதனைக்குப் பயந்து தாங்களே எரித்தவர்களும் இருக்கிறார்கள். கலியாண வீட்டில் அம்மம்மா பாடியது, கோயில் முன்றலில் அண்ணாவியார் ஆடிப் பாடியது, பிள்ளை பள்ளிக்கூட மேடையில் பாடியது என எல்லாம் அவற்றோடு போயின. இன்று பல வீடுகளில் இறந்தவரின் படமோ காணாமல் ஆக்கப்பட்டவரின் படமோ சுவரில் இருக்கிறது. அவருடைய குரல் ஒரு நிமிடம்கூட யாரிடமும் இல்லை.

பாடத் தெரிந்த முதியவர்கள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். தாலாட்டு, ஒப்பாரி, அருவி வெட்டுப் பாட்டு, காத்தவராயன் கூத்து, முல்லைத்தீவின் கோவலன் கூத்து, மட்டக்களப்பின் வடமோடி தென்மோடிக் கூத்துகள், கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல், மலையகத்தின் காமன் கூத்து என்பவற்றை மனப்பாடமாக வைத்திருப்பவர்களில் பலர் எழுபது வயதைக் கடந்தவர்கள். இன்னொரு பக்கம், சொந்தமாகப் பாட்டுக் கட்டும் இளையவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரூடியோவுக்குக் கொடுக்கக் காசில்லாததால் அவர்களுடைய பாட்டுகள் கொப்பியிலேயே கிடக்கின்றன. இந்த இரண்டு தரப்புக்கும் கைக்கெட்டும் வழி, வீட்டிலேயே பதிவு செய்வதுதான்.

நான் சில வருடங்களாக வன்னியில் வீடு வீடாகச் சென்று பாட்டுகளைப் பதிவு செய்து வருகிறேன். பெரும்பாலும் கைபேசியில்தான். அந்த வேலையில் பயன்பட்டவற்றையும் ஒலிப்பதிவின் அடிப்படை விதிகளையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பதிவு தரம் குறைந்ததா?

இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். 1979இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண கசற்றிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியக்கூடிய ஒரு சிறிய கருவியை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகர் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் 1982இன் தொடக்கத்தில் அந்தக் கருவியை வைத்துத் தன் வீட்டு அறையில் சில பாட்டுகளைப் பதிந்தார். இசைக் குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரியாகத்தான் அவற்றைப் பதிந்தார். பின்னர் குழுவோடு ஸ்ரூடியோவில் பாடிப் பார்த்தபோது அந்தக் கசற்றில் இருந்த உணர்வு வரவில்லை. ஆகவே வீட்டுப் பதிவே ‘நெப்றாஸ்கா’ என்ற பெயரில் இசைத்தட்டாக வெளிவந்தது. 2020இல் அந்த ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்ற பில்லி ஐலிஷின் பாட்டுகளும் பெரும்பாலும் லொஸ் ஏஞ்சலிஸில் அவருடைய அண்ணனின் படுக்கையறையில் பதியப்பட்டவை.

எங்களுக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோவும் ரேப் றெக்கோடரும் கேட்டவர்கள் நாங்கள். இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் கைபேசி அந்த ரேப் றெக்கோடரை விடப் பல மடங்கு தெளிவாகப் பதியக்கூடியது.

கைபேசியைத் தயார் செய்தல்

முதலில் விமானப் பயன்முறையைப் போடுங்கள். பாட்டின் நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். எழுபத்தைந்து வயதுக்காரரிடம் அதே பாட்டைத் திரும்பப் பாடச் சொன்னால் அது முதல் தடவை போல இருக்காது.

அடுத்தது பதிவின் வடிவம். பல கைபேசிகளில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலி, இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒலியைச் சுருக்கியே சேமிக்கிறது. செயலியின் அமைப்புகளுக்குள் போய், ‘வேவ்’ வடிவம் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். ஐபோனின் குரல் பதிவுச் செயலியில் இழப்பற்ற தரம் என்ற தெரிவு உண்டு. இல்லாவிட்டால் இருப்பதில் உயர்ந்த தரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

வேவ் கோப்பு பெரியது என்று பலர் தயங்குகிறார்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் அளவில் ஒற்றைத் தடமாகப் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைற், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைற் தேவைப்படும். 64 கிகாபைற் நினைவட்டையில் நூறு மணித்தியாலத்துக்கும் மேல் பதியலாம். ஒரு கூத்து விடிய விடிய நடந்தாலும் இடம் போதும். சார்ஜ் போதுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் எதை முதலில் வாங்குவது? நான் சொல்லும் ஒழுங்கு இதுதான். முதலாவது, காதை முழுதாக மூடும் வயருள்ள ஹெட்போன். அது இல்லாமல் நீங்கள் என்ன பதிந்திருக்கிறீர்கள் என்றே தெரியாது. இரண்டாவது, கைபேசியை அசையாமல் நிறுத்தும் தாங்கி. மூன்றாவது, ஒலிவாங்கி. மடிக்கணினியில் நேரடியாகச் செருகும் யூ.எஸ்.பி. ஒலிவாங்கி தொடக்கத்துக்குப் போதும். அதற்கு மேல் போக விரும்பினால்தான் ஒலி இடைமுகம் எனப்படும் சிறு பெட்டியும் மேடையில் பாவிக்கும் வகை ஒலிவாங்கியும் தேவை.

ஒலிவாங்கிகளில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. கொண்டென்சர் வகை மிக நுண்ணிய ஒலியையும் பிடிக்கும். இடைமுகப் பெட்டியோடு பாவிக்கும் கொண்டென்சர்களுக்கு அந்தப் பெட்டியிலிருந்து 48 வோல்ற் மின்சாரம் போக வேண்டும். டைனமிக் வகைக்கு அது தேவையில்லை. வாய்க்குக் கிட்ட வைத்துப் பாடினால் சுற்றுப்புறச் சத்தத்தை அது குறைவாகவே எடுக்கும். றோட்டோரத்திலும் பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு நடுவிலும் பதிபவர்களுக்கு டைனமிக் வகையே பொருத்தம்.

அறையும் நேரமும்

நல்ல ஒலிவாங்கியை மோசமான அறையில் வைப்பதைவிட, சாதாரணக் கைபேசியை நல்ல அறையில் வைப்பது மேல். எங்கள் வீட்டுத்திட்ட வீடுகளில் சீமெந்துத் தரையும் பூசிய சுவரும் இருக்கின்றன. வெறும் அறையில் கைதட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று ஒரு வால் கேட்டால் அந்த அறை குரலைக் குழப்பும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் பாடச் சொல்லுங்கள். மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். கீழே பாயும் போர்வையும் விரியுங்கள். பாடுபவருக்குப் பின்னால் ஒரு கொடியில் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். மீண்டும் கைதட்டினால் வித்தியாசம் தெரியும். நெல் மூட்டைகள் அடுக்கிய அறை ஒன்றில் நான் பதிந்த தாலாட்டுகள்தான் இதுவரை என்னிடம் உள்ளவற்றில் மிகத் தெளிவானவை.

தகரக் கூரை வீடுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மழையில் பதியவே முடியாது. வெயிலிலும் தகரம் விரிந்து சுருங்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வரும். பொழுது சாய்ந்து கூரை ஆறிய பிறகு தொடங்குங்கள். விடிகாலை அமைதியானதென்று நினைப்போம், ஆனால் சேவலும் கோயில் ஒலிபெருக்கியும் அப்போதுதான் தொடங்கும். இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட நேரம் எனக்குப் பெரும்பாலும் சரிவந்திருக்கிறது.

மின்விசிறியை நிறுத்துங்கள். பிரிட்ஜின் செருகியைக் கழற்றுங்கள், முடிந்ததும் மறக்காமல் மாட்டுங்கள். கிணற்று மோட்டரை நிறுத்தச் சொல்லுங்கள். மடிக்கணினியில் பதிவதானால் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிடுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், சார்ஜர் வழியாக அந்த ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் பதிவுக்குள் வந்துவிடும். மின்வெட்டு நேரம் பதிவுக்குத் தோதானது, பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேற்றரைத் தொடங்காதவரை.

தூரமும் அளவும்

ஒரு குரலைப் பதிய, வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையில் ஒரு சாண் தூரம் விடுங்கள். நேர் எதிரே வைக்காமல் வாயின் பக்கவாட்டில் சற்றுச் சரித்து வையுங்கள். ‘ப’ வரும் சொற்களில் மூச்சுக் காற்று ஒலிவாங்கியில் மோதி ‘புப்’ என்று அடிப்பது இதனால் குறையும். கைபேசியில் ஒலிவாங்கித் துளை பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் பாடுபவரை நோக்கி இருக்கட்டும். உறை அந்தத் துளையை மூடியிருந்தால் கழற்றுங்கள். கைபேசியைக் கையில் பிடித்திருக்க வேண்டாம், விரல் அசைவும் பதிவாகும்.

அளவு என்பது ஒலி எவ்வளவு உரத்துப் பதிவாகிறது என்பது. செயலியில் ஏறி இறங்கும் பட்டையில் உச்சம் பூச்சிய டெசிபல். குரல் அதைத் தொட்டால் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. குறைவாகப் பதிந்ததைப் பின்னர் கூட்டலாம். ஆகவே பாட்டின் மிக உரத்த வரியை முதலில் பாடச் சொல்லி, பட்டை மறை 12 டெசிபலுக்கும் மறை 6 டெசிபலுக்கும் இடையில் நிற்குமாறு சரிசெய்யுங்கள். கைபேசியில் அளவைக் குறைக்கும் வசதி இல்லையென்றால் தூரத்தைக் கூட்டுங்கள்.

இன்னொரு பழக்கம். பாட்டுத் தொடங்க முன்பு யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதியுங்கள். இரைச்சலை நீக்கும்போது அந்த அரை நிமிடம் தேவைப்படும்.

பலர் சேர்ந்து பாடும்போது

ஒரேயொரு ஒலிவாங்கிதான் இருக்கிறது. அண்ணாவியார் பாடுகிறார், மத்தளம் அடிக்கிறது, தாளம் போடுகிறார்கள், பிற்பாட்டுக்காரர் நால்வர் இருக்கிறார்கள். என்ன செய்வது? ஆட்களை நகர்த்த வேண்டும். 1925இல் மின்சார ஒலிவாங்கி இசைத்தட்டுப் பதிவுக்கு வரும்வரை உலகம் முழுவதும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு பெரிய புனலைச் சுற்றி மெல்லிய ஒலி கிட்டவும் உரத்த ஒலி தூரவுமாக ஆட்களை நிறுத்தினார்கள்.

நீங்களும் அவ்வாறே அண்ணாவியாரை ஒலிவாங்கிக்கு இரண்டு முழத்தில் நிறுத்துங்கள். பிற்பாட்டுக்காரரை அவருக்குப் பின்னால் அரைவட்டமாக நிறுத்துங்கள். மத்தளத்தையும் தாளத்தையும் அறையின் மறுமூலைக்கு, முடிந்தால் வாசலுக்கு வெளியே கொண்டுபோங்கள். ஒரு நிமிடம் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். மத்தளம் சொல்லை விழுங்கினால் இன்னும் இரண்டடி பின்னால் தள்ளுங்கள். இரண்டு மூன்று தடவைகளில் சரிவந்துவிடும். ஹார்மோனியம் இருந்தால், துருத்தியின் மூச்சுச் சத்தம் விழாத பக்கத்தில் ஒலிவாங்கியை வையுங்கள். இரண்டு கைபேசிகள் இருந்தால் ஒன்றைப் பாடுபவருக்கும் மற்றதை மத்தளத்துக்கும் வைத்து, தொடக்கத்தில் எல்லோருக்கும் முன்னால் ஒரு தடவை உரத்துக் கைதட்டுங்கள். பின்னர் கணினியில் இரண்டு பதிவுகளையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்தலாம். நீண்ட பதிவென்றால் இரண்டு கருவிகளும் மெல்ல மெல்ல விலகும். ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாகத் தட்டுங்கள்.

சொந்தப் பாட்டை அடுக்கடுக்காகப் பதிதல்

தனியாளாக ஒரு முழுப் பாட்டை உருவாக்க விரும்பும் இளையவர்களுக்கு: கணினியில் ‘ஓடாசிற்றி’ என்ற மென்பொருளை இலவசமாக இறக்கலாம். 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, பழைய கணினிகளிலும் ஓடும். கைபேசி மட்டும் இருந்தால் ‘பான்ட்லாப்’ செயலி இருக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ‘கராஜ்பான்ட்’ இலவசம்.

முதல் தடத்தில் சுருதியையும் தாளத்தையும் போடுங்கள். அதை ஹெட்போனில் கேட்டபடி இரண்டாவது தடத்தில் குரலைப் பதியுங்கள். மூன்றாவதில் வாத்தியம், நான்காவதில் கூட்டுக் குரல் என்று ஏற்றிக்கொண்டு போகலாம். பாடும்போது ஒரு காதை ஹெட்போனிலிருந்து விலக்கி வைத்தால் சுருதி பிடிப்பது சுலபம். புளூரூத் ஹெட்போன் இந்த வேலைக்கு உதவாது. அதில் ஒலி தாமதித்து வருவதால் நீங்கள் பாடுவதும் தாளத்துக்குப் பிந்தியே விழும். ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டபடி பாடினால் முதல் தடமும் சேர்ந்து குரல் தடத்தில் பதிவாகிவிடும்.

குரலை ஒரே தடவையில் முழுதாகப் பாட முயல வேண்டாம். மூன்று தடவை பாடி, ஒவ்வொரு சரணத்துக்கும் நல்லதைத் தெரிவு செய்யலாம். முதியவர்களின் பாட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அவர்கள் நிறுத்தும் இடம், மறந்து திரும்பவும் பிடிக்கும் இடம், நடுவில் இருமும் இடம் எல்லாம் அந்தப் பதிவின் பகுதிகள்.

துப்புரவு செய்தல்

மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். ஓடாசிற்றியில் நீங்கள் முன்பு பதிந்த வெறும் அரை நிமிடத்தைத் தெரிவு செய்து, இரைச்சல் குறைப்பு வசதியில் அதை மாதிரியாகக் காட்டுங்கள். பின்னர் முழுப் பதிவிலும் அதைச் செயல்படுத்துங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு டெசிபல் வரை குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். குரல் மட்டும் உள்ள தடத்தில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள அடியொலியை வடிகட்டலாம், மோட்டார் அதிர்வும் லொறிச் சத்தமும் குறையும். மத்தளமும் பறையும் உள்ள தடத்தில் அப்படிச் செய்தால் அவற்றின் அடிநாதமே போய்விடும்.

எதிரொலி சேர்க்கும் வசதியைக் கொஞ்சமாகப் பாவியுங்கள். பாட்டுக்கு அது அழகு கொடுக்கலாம், ஆவணமாகச் சேமிக்கும் பிரதிக்கு அது வேண்டாம்.

பழைய கசற்றுகள் கிடைத்தால்

கூரைக்குள்ளிருந்தும் கிணற்றுக் கட்டோரம் தோண்டியும் எடுத்த கசற்றுகளை இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். எடுத்தவுடன் பிளேயரில் போட வேண்டாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் அது இயந்திரத்தின் தலையில் ஒட்டி மற்றக் கசற்றுகளுக்கும் பரவும். அதைத் தனியாக ஒரு பொலித்தீன் பையில் வைத்து, தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ளதென்றால், மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன்மேல் வேறொன்று பதிவாகாது. பிளேயரின் தலையை ஐசோபுறொப்பைல் மதுசாரம் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஒரு தடவை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள், ஒட்டியிருந்த சுற்றுகள் இளகும்.

பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளைக்கு ஒரு வயர் போட்டு ஓடாசிற்றியில் பதியலாம். கணினியில் அந்தத் துளை இல்லையென்றால் அதற்கான சிறிய யூ.எஸ்.பி. பெட்டி கிடைக்கிறது. 60 நிமிடக் கசற்றில் ஒரு பக்கம் 30 நிமிடம், 90 நிமிடக் கசற்றில் 45 நிமிடம். ஒரு பக்கத்தை இடைநிறுத்தாமல் முழுதாகப் பதியுங்கள். பாட்டுகளுக்கு நடுவில் கேட்கும் பேச்சையும் வெட்ட வேண்டாம். பாட்டைவிட அந்தப் பேச்சுக்காகவே ஒரு குடும்பம் அந்தக் கசற்றைத் தேடியிருக்கலாம்.

பெயரைக் குரலிலேயே சொல்லுங்கள்

1902இல் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்துக்காகப் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தன் பெயரை உரக்கச் சொன்னார். இசைத்தட்டுகள் அச்சான ஜெர்மனியில் இருந்தவர்களுக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த ஏற்பாடு இன்றும் எங்களுக்கு உதவும். கோப்பின் பெயர் மாறலாம், கடிதம் தொலையலாம். குரலுக்குள் சொன்னது குரலோடேயே இருக்கும்.

பதிவின் தொடக்கத்தில் திகதி, ஊர், பாடுபவரின் பெயர், பாட்டின் பெயர், அதை யாரிடம் பழகினார், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவது என்பவற்றைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர் என்பதையும் கேளுங்கள். கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எண்ணைத் தொடக்கத்தில் போட்டால் எல்லாக் கோப்புகளும் தாமாகவே வரிசையில் நிற்கும்.

அனுமதியும் பாதுகாப்பும்

பதியலாமா என்று கேட்பது ஒன்று, வெளியிடலாமா என்று கேட்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். குடும்பத்துக்கு மட்டும், ஊருக்கு மட்டும், எல்லோருக்கும் என்ற மூன்று தெரிவுகளைச் சொல்லி, அவருடைய பதிலைக் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள். பின்னர் அவர் மனம் மாறினால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

ஒப்பாரியை மற்றப் பாட்டுகளைப் போல நினைக்க வேண்டாம். பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயிடம் ‘ஒரு ஒப்பாரி பாடுங்கோ அம்மா’ என்று நான் கேட்பதில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறவருக்கு அது அவனுக்குச் சாவு வீடு நடத்தச் சொல்வது போலாகிவிடும். அவரே பாடத் தொடங்கினால் பதிவைத் தொடரலாமா என்று முடிவில் கேட்கிறேன். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழிக்கிறேன்.

வெளியிடும்போது இன்னொன்றையும் நினையுங்கள். இந்த நாட்டில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், சமூக ஊடகத்தில் பகிர்ந்தவற்றுக்காகக் கைதானவர்கள் இருக்கிறார்கள். பழைய கசற் ஒன்றில் என்ன பாட்டு இருக்கிறது, யாருடைய பெயர்கள் சொல்லப்படுகின்றன என்பதை முழுதாகக் கேட்காமல் பேஸ்புக்கிலோ யூரியூப்பிலோ போட வேண்டாம். சேமித்து வைப்பதும் பரப்புவதும் வெவ்வேறு முடிவுகள். இரண்டாவதற்கு அவசரமில்லை.

உரிமையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் இயற்றிய பாட்டின் பதிப்புரிமை உங்களுக்கே உரியது. அதற்குப் பதிவு தேவையில்லை. உங்கள் வாழ்நாளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். இன்னொருவருடைய சினிமா இசைக்கு மேல் நீங்கள் பாடினால் அந்த இசை உங்களுடையதல்ல. யூரியூப் அதைத் தானாகவே கண்டுபிடித்து, அதில் வரும் வருமானத்தை உரிமையாளருக்குக் கொடுக்கலாம் அல்லது பாட்டை முடக்கலாம். சுருதிப் பெட்டியும் உங்கள் குரலும் மட்டும் உள்ள சொந்தப் பாட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பிரதிகள்

ஒரேயொரு இடத்தில் இருக்கும் எதையும் எங்களால் நம்ப முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 95 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் போயின. அவற்றில் மீண்டும் வாங்கக்கூடிய நூல்களும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளை யாராலும் மீட்க முடியவில்லை. உங்கள் கைபேசியில் மட்டும் இருக்கும் அம்மம்மாவின் பாட்டும் அந்த ஓலைச்சுவடியைப் போன்றதுதான். கைபேசி கிணற்றுக்குள் விழுந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

ஆவணக் காப்பாளர்கள் பின்பற்றும் விதி எளியது: மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். கைபேசியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கும் உறவினரின் கணினியில் அல்லது இணையச் சேமிப்பில் ஒன்று. வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்ப வேண்டாம், ஒலி சுருக்கப்பட்டுவிடும். கோப்பை ‘ஆவணம்’ என்ற தெரிவின் வழியாக இணைத்தால் மூலம் அப்படியே போகும். கேட்பதற்கு எம்.பி.3 போதும். சேமிப்பதற்கு வேவ் அல்லது தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை எல்லாப் பிரதிகளையும் திறந்து பாருங்கள். வன்தட்டு திடீரென்று ஒருநாள் திறக்காமல் போகும்.

பொதுவில் வைக்க அனுமதி கிடைத்த பதிவுகளை நூலக நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேமித்துவரும் அந்த நிறுவனம், ஒலி, ஒளிப்படம் போன்றவற்றுக்காக ‘ஆவணகம்’ என்ற தளத்தையும் வைத்திருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டில் வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் பாடகராக இருக்க வேண்டியதில்லை. உங்களைத் தொட்டிலில் போட்டு என்ன பாடினார் என்று கேளுங்கள். ‘எனக்கு இப்ப குரல் இல்லை, மறந்துபோச்சு’ என்றுதான் முதலில் சொல்வார். வற்புறுத்தாமல், கைபேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்துவிட்டு, ஊர்க் கதையைக் கேட்டுக்கொண்டிருங்கள். பெரும்பாலும் கால் மணித்தியாலத்துக்குள் ஒரு வரி வரும். அதன் பின்னால் மற்ற வரிகளும் வரும். பதிவு முடிந்ததும் அவருக்கே அதைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு, படுக்கப் போவதற்கு முன், இரண்டாவது பிரதியை எடுத்து வையுங்கள்.